புற்றுநோய் பிசியோதெரபியில் சிறப்புச் சான்றிதழ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்காவில் புற்றுநோய் பிசியோதெரபிக்குத் தனிச் சான்றிதழ் எப்போது வந்தது? ஏன் இவ்வளவு தாமதம்?

அமெரிக்க பிசியோதெரபி சங்கமான ஏ.பி.டி.ஏ.வின் பிரதிநிதிகள் அவை 2016இல் ஒப்புதல் தந்தது. முதல் தேர்வு 2019இல் நடந்தது. சிறப்புத் துறைகள் வாரியமான ஏ.பி.பி.டி.எஸ். அங்கீகரித்த ஒன்பதாவது துறை இது. முதல் துறையான இதயம், நுரையீரலுக்கு 1985லேயே தேர்வு நடந்துவிட்டது. சங்கத்துக்குள் புற்றுநோய்ப் பிரிவும் 1983 முதலே இருந்தது.

தாமதத்துக்கு முக்கியக் காரணம், இந்த நோயாளிகள் வெவ்வேறு கணக்குகளில் சிதறிக் கிடந்தது என்பது எங்கள் கருத்து. மார்பக அறுவைக்குப் பின் தோள் இறுகியவர் எலும்பு மூட்டுப் பிரிவுக்குப் போவார். மூளைக்கட்டி நோயாளி நரம்புப் பிரிவுக்குப் போவார். எல்லோரையும் ஒரே துறையாகப் பார்க்க வேண்டும் என்று நிரூபிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

கேள்வி: புதிய சிறப்புத் துறை கேட்டு மனு கொடுத்தால் போதாதா? 'பணி ஆய்வு' என்கிறார்களே, அது என்ன?

தேவை இருக்கிறது, தனி அறிவு இருக்கிறது, அதைக் கற்றுத்தரும் வழி இருக்கிறது, போதுமான பேர் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்கிறார்கள். இவ்வளவையும் மனு ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அதன் முதுகெலும்பு பணி ஆய்வுதான்.

முதலில் இத்துறையில் ஊறிய சிறு குழு உட்கார்ந்து, ஒரு சிறப்பாளர் என்னென்ன அறிந்திருக்க வேண்டும், என்னென்ன செய்கிறார் என்று பட்டியல் எழுதும். அதைக் கேள்வித்தாளாக்கி நாடு முழுவதும் உள்ள சிகிச்சையாளர்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் இட வேண்டும்: எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள், தவறினால் நோயாளிக்கு எவ்வளவு கேடு, புதிதாகப் படித்து வந்தவரும் இதைச் செய்துவிடுவாரா? இந்த மூன்றாவது கேள்விதான் உயிர். எல்லோரும் செய்கிற வேலை சிறப்புத் துறையின் பாடம் ஆகாது. கிடைத்த மதிப்பெண்களை வைத்துப் பணி விவரணை ஆவணம் எழுதப்படும். தேர்வில் எந்தப் பகுதிக்கு எத்தனை விழுக்காடு என்பதும் அதிலிருந்தே வரும்.

பழுது வழக்கமாக இரண்டு இடங்களில் நேர்கிறது. ஒன்று, குழுவில் லிம்ஃபெடிமா (மார்பகப் புற்றுநோய் போன்றவற்றின் சிகிச்சைக்குப் பின் நிணநீர் தேங்கி வரும் கை, கால் வீக்கம்) பார்ப்பவர்களே நிறைந்துவிடுவது. அப்புறம் தேர்வு முழுக்க மார்பகப் புற்றுநோய்ப் பக்கம் சாய்ந்துவிடும். ரத்தப் புற்றுநோய், குழந்தைகள், இறுதிக்கால நோயாளிகள் ஓரத்துக்குப் போவார்கள். இரண்டு, கேள்வித்தாள் நீளம். ஒரு மணி நேரம் பிடிக்கும் தாளைப் பாதியில் மூடிவிடுவார்கள். தாளை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதி அனுப்புவது நல்ல வழி.

இந்த ஆய்வை ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடவும் முடியாது. செக்பாயின்ட் இன்ஹிபிட்டர் வகை நோயெதிர்ப்பு மருந்துகள் 2011 முதல் புழக்கத்துக்கு வந்தன. அவை மூட்டழற்சியையும் தசையழற்சியையும் உண்டாக்கக்கூடும். அதற்கு முந்தைய பட்டியலில் அவற்றுக்கு இடமே இருந்திருக்காது.

கேள்வி: தேர்ச்சி மதிப்பெண்ணை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

இத்தகைய தேர்வுகளில் வழக்கமான முறை ஆங்காஃப் முறை. நடுவர்கள் ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, 'தேர்ச்சிக்குச் சரியாக விளிம்பில் நிற்கும் 100 பேரில் எத்தனை பேர் இதற்குச் சரியாக விடை சொல்வார்கள்?' என்று மதிப்பிடுவார்கள். 200 கேள்விகளுக்குச் சராசரி 62 என்று வந்தால் 124 சரியான விடைகள் எல்லைக்கோடு. ஆண்டுக்கு ஆண்டு தாளின் கடினம் மாறும் என்பதால் அதைச் சமன்செய்து பொது அளவுகோலுக்கு மாற்றுவார்கள். அந்த அளவுகோலில் 500 எடுத்தால் தேர்ச்சி.

கேள்வி எழுத முன்வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும் எல்லை எண்களைக் கேட்காதீர்கள். 'பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) எத்தனைக்குக் கீழே போனால் உடற்பயிற்சியை நிறுத்த வேண்டும்' என்பதற்கு வெவ்வேறு நெறிமுறைகள் வெவ்வேறு விடை தருகின்றன. அதற்குப் பதில், பிளேட்லெட் குறைந்த ஒரு நோயாளிக்கு மூக்கில் ரத்தம் வருகிறது, தோலில் புள்ளிகள் தெரிகின்றன என்று சூழலைக் கொடுத்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: 2,000 மணி நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? நான் வாரத்தில் ஒரு நாள்தான் புற்றுநோய் நோயாளிகளைப் பார்க்கிறேன்.

தேர்வெழுதத் தகுதி இது: கடந்த 10 ஆண்டுகளுக்குள் இத்துறையில் 2,000 மணி நேரம் நேரடி நோயாளி சிகிச்சை; அதில் 25 விழுக்காடு, அதாவது 500 மணி நேரம், கடைசி 3 ஆண்டுகளில் இருக்க வேண்டும். வாரம் 8 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம் என்றால் ஆண்டுக்கு 400. ஐந்தாண்டில் 2,000 நிறையும். கடைசி மூன்றாண்டில் 1,200 வந்துவிடுவதால் இரண்டாவது நிபந்தனையும் தானாகத் தீரும். இத்துறையில் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியை (பட்டத்துக்குப் பிந்தைய மேற்பார்வைப் பயிற்சி) முடித்தவர்களுக்கு இந்த மணிக்கணக்கு வேண்டாம்.

நோயாளியைப் பரிசோதிப்பது, சிகிச்சைத் திட்டமிடுவது, சிகிச்சை தருவது எல்லாம் சேரும். வகுப்பெடுப்பதும் நிர்வாகமும் சேராது. இருபது ஆண்டுக்கு முன் புற்றுநோய் வந்து குணமானவரின் கணுக்கால் சுளுக்கை இந்தக் கணக்கில் எழுதாதீர்கள். பிரச்சினைக்கும் புற்றுநோய்க்கும் அல்லது அதன் சிகிச்சைக்கும் தொடர்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள். இன்றே ஒரு தாளில் தேதி, மணி, நோய் வகை என்று குறிக்கத் தொடங்குங்கள். பத்தாண்டு கழித்து நினைவிலிருந்து எழுத முடியாது.

கேள்வி: நான் 135 மணி நேர லிம்ஃபெடிமா பயிற்சி முடித்திருக்கிறேன். அது போதாதா?

அந்த வேலைக்கு அது அவசியமான பயிற்சி, மதிப்பும் உள்ளது. ஆனால் வீக்கத்தைக் கட்டுப்படுத்துவது இத்துறையின் ஒரு பகுதிதான். கட்டு கட்டத் தெரிந்தவருக்கு, டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைப் பாதிக்கும் என்பதும், வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்தால் பாதம் தொங்கும் என்பதும் அந்த வகுப்பிலேயே தெரிந்துவிடாது.

கேள்வி: தேர்வுக்கு எதை ஆழமாகப் படிக்க வேண்டும்?

எப்போது கையை வைக்கக் கூடாது என்பதை முதலில் படியுங்கள். சிறப்பாளரைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

எலும்புக்குப் பரவிய நோயில், எலும்பு முறியும் அபாயத்தைக் கணக்கிடும் மிரெல்ஸ் மதிப்பெண் கைவர வேண்டும். இடம், வலி, புண்ணின் தன்மை, அளவு என நான்கு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3, மொத்தம் 12. தொடை எலும்பின் மேற்பகுதியில் ட்ரோக்கான்டர் என்ற புடைப்பின் அருகே புண் (3), கால் ஊன்றும்போது வலி (3), எலும்பை அரிக்கும் வகை (3), குறுக்களவில் பாதி (2) என்றால் 11. ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் எலும்பு முறியும் முன்பே அறுவையால் பலப்படுத்த வேண்டும். இந்த நோயாளியைக் காலூன்ற வைக்காமல் அன்றே எலும்பு அறுவை மருத்துவரிடம் பேசுங்கள். எட்டு என்றால் மருத்துவரின் தீர்மானம். இந்தக் கணக்கு நீண்ட எலும்புகளுக்கானது. முதுகெலும்புக்கு இதைப் போடாதீர்கள்.

முதுகெலும்பில் பார்க்க வேண்டியது வேறு. புதிதாக வந்த முதுகுவலி, படுத்தால் கூடுகிறது, கால் தளர்கிறது, சிறுநீர் போக்கில் மாற்றம் என்றால் தண்டுவட அழுத்தமாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்தி உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கியவர்களே பின்னும் நடக்க அதிக வாய்ப்பு உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய கால்களைப் பணயம் வைப்பது.

அடுத்தது நரம்பு. ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துகளை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். 'மருந்துதான் முடிந்துவிட்டதே' என்று சமநிலைப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. நாற்காலியிலிருந்து எழ முடியாதவருக்கு நரம்பை மட்டும் சந்தேகிக்காமல், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். அது இடுப்பு, தொடைத் தசைகளைத்தான் முதலில் தளர்த்தும்.

கேள்வி: சென்னையில் ஆறு ஆண்டு புற்றுநோய் வார்டில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா வந்திருக்கிறேன். அந்த அனுபவம் சேருமா?

சேராது. அமெரிக்க உரிமம் பெற்ற பிசியோதெரபிஸ்டாகச் செய்த மணிகளே கணக்கு; தற்காலிக உரிமக் காலமும் விலக்கு. ஆனால் அந்த ஆறு ஆண்டு அறிவு தேர்வு அறையில் நிச்சயம் உதவும்.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படி ஒன்றைத் தொடங்க எங்கள் சங்கம் விரும்புகிறது. அமெரிக்கப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

நடைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளடக்கத்தை எடுக்காதீர்கள். இங்கே வாய், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் அதிகம். கழுத்து அறுவையில் ஸ்பைனல் ஆக்சஸரி நரம்பு பாதிக்கப்பட்டுத் தோளைத் தூக்க முடியாதவர்கள், ரேடியேஷனுக்குப் பின் வாய் திறக்க முடியாதவர்கள், இடுப்பு ரேடியேஷனுக்குப் பின் கால் வீங்கியவர்கள் என உங்கள் பணி விவரணையில் இவர்களுக்குப் பெரிய பங்கு வர வேண்டும்.

தேர்வை முதலில் அறிவித்துவிட்டுப் பாடத்தைப் பிறகு யோசிக்காதீர்கள். இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் இணை சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் பிசியோதெரபியையும் உள்ளடக்குகிறது. சான்றிதழின் பெயரையும் தகுதியையும் எழுதும் முன் அதன் விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பயிற்சி வகுப்பு நடத்துபவர்களும் தேர்வுக் கேள்வி எழுதுபவர்களும் ஒரே ஆட்களாக இருக்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வையுங்கள். பிறகு பிரிக்க முயன்றால் மனக்கசப்புதான் மிஞ்சும்.