ஆவரேஜ் குறைந்தால் நஷ்டம் குறையுமா?

கேள்வி: குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன். ஒரு கட்டுமான நிறுவனத்தின் பங்கை 90 ரூபாயில் 1,000, இறங்கியதும் 60-ல் 1,500, மறுபடி 35-ல் 2,000 என்று வாங்கினேன். கடைசியாக வாங்கியே இரண்டு வருடம் ஆகிறது. இப்போது விலை 11. கடன் கொடுத்த வங்கிகள் கம்பெனியைத் திவால் வழக்கில் இழுத்துவிட்டன. மனைவியின் ஆரத்தை அடகு வைத்து இன்னும் ஒரு லட்சத்துக்கு வாங்கினால் ஆவரேஜ் (ஒரு பங்குக்கு நான் கொடுத்த சராசரி விலை) குறையுமே, வாங்கலாமா? மச்சானும் வாங்கக் கேட்டார். அவரை வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

பதில்: மச்சானுக்குச் சொன்னதையே நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு இந்தப் பங்கில் பழைய பாக்கி எதுவும் இல்லை. அதனால்தான் அவர் விஷயத்தில் உங்களுக்குச் சட்டென்று தெளிவு வந்துவிட்டது.

நீங்கள் போட்டது இரண்டரை லட்சம். இன்றைய மதிப்பு 49,500. இன்னொரு லட்சம் போட்டால் ஆவரேஜ் 55 சொச்சத்திலிருந்து 26-க்குக் கிட்டே வரும். சரி, அந்த 26-ஐ விலை எப்போது தொடும்? இப்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆக வேண்டும். மாட்டியிருக்கும் பணமோ மூன்றரை லட்சமாகிவிடும், ஆரத்துக்கு வட்டி தனி.

இறங்கிய பங்கையெல்லாம் தலைமுழுகச் சொல்லவில்லை. திவால் வழக்கு வேறு ரகம். அதில் பணம் பிரிக்கும் வரிசையில் கம்பெனியின் சொத்தை அடகு பிடித்துக் கடன் கொடுத்த வங்கிகள் முன்னால் நிற்கின்றன, சாதாரணப் பங்குதாரர் கடைசியில். 2021-ல் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனம் திவால் வழக்கில் கைமாறியபோது கம்பெனி பிழைத்தது. பழைய பங்குகளுக்கு மட்டும் ஒரு பைசா மதிப்பில்லை என்று முடிவாகி, சந்தைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ‘பெரிய கை வாங்கப்போகுது, விலை எகிறும்’ என்று யூடியூபில் கூவுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பச்சை மங்கத் தொடங்கிய காயைப் புற்றடி ஏலத்துக்கு அனுப்பாமல், போன வருட விலை வரட்டும் என்று மூட்டையிலேயே வைத்திருப்பீர்களா?

விற்றுவிடுங்கள். தொடர்ந்து லோயர் சர்க்யூட் (ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி எல்லை) விழுந்தால் விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்காது. விற்ற மறுவாரமே 15 ரூபாய் ஆகலாம். வயிறு எரியும்தான், ஆனால் கை நழுவியது 18,000 ரூபாய், அவ்வளவே.

எல்லாமே வாங்கி ஓராண்டு தாண்டியவை, ஆகவே இது நீண்டகால மூலதன நஷ்டம். கடை லாபத்தில் கழிக்க முடியாது. பிற்பாடு வேறு பங்கிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ நீண்டகால லாபம் வந்தால் அதில் கழிக்கலாம்; 8 ஆண்டு வரை கொண்டுபோகலாம். அதற்கு விற்ற வருடத்து வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஆடிட்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பங்கே ரத்தான பிறகு போனால் நஷ்டத்தைக் கணக்கில் ஏற்றுவதே இழுபறியாகிவிடும்.