வேல்ஸ் எழுப்புதலும் பத்திரிகைகளும்: கேள்வி பதில்

1904-05ல் வேல்ஸ் நாட்டுச் சபைகளில் திரளானோர் மனந்திரும்பிய ஆன்மிக விழிப்பைத்தான் வேல்ஸ் எழுப்புதல் என்கிறோம். அதைப் பற்றிக் கேட்டவற்றில் பத்திரிகைகள் தொடர்பான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பத்திரிகைகள் எழுப்புதலுக்கு எதிராக இருந்தனவா?

இல்லை. அதை ஊரெங்கும் கொண்டுபோனதே அவைதான். 1904 அக்டோபர் 31 அன்று லோகர் ஊரின் மோரியா ஆலயத்தில், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான 26 வயது இவான் ராபர்ட்ஸ் கூட்டத்தைத் தொடங்கினார். பத்து நாளில் கார்டிஃப் நகர நாளிதழான வெஸ்டர்ன் மெயிலில் செய்தி வந்துவிட்டது. அப்புறம் நிருபர்கள் கூட்டம் கூட்டமாகப் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கட்டுரைகளைத் தனிப் பிரசுரங்களாகவும் போட்டு விற்றார்கள். பரிசுத்த ஆவியானவர் மட்டும்தான் பரப்பினார் என்று சொல்பவர்களுக்கு இது கசக்கும்.

கேள்வி: ஒரு லட்சம் பேர் மனந்திரும்பினார்கள் என்பது சரியா?

சபைகள் தந்த எண்ணிக்கையை ஊர்வாரியாகப் பத்திரிகைகள் பட்டியல் போட்டன. அதையெல்லாம் கூட்டித்தான் இந்த எண் வந்தது. யாரும் தணிக்கை செய்யவில்லை. பின்வந்த ஆண்டுகளில் பலர் விலகியதும் உண்மை. மேற்கோள் காட்டும்போது ‘சபைகள் சொன்னபடி’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொழிலாளர்கள் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்தியதால் சுரங்கக் குதிரைகளுக்குக் கட்டளை புரியாமல் போனதாமே?

நல்ல கதை. பிரசங்கத்தில் சொல்லலாம், ஆதாரமாக வைக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் உண்மையான விமர்சனம் எங்கிருந்து வந்தது?

சபைக்குள்ளிருந்து. டவ்லைஸ் ஊர் போதகர் பீட்டர் பிரைஸ் 1905 ஜனவரி இறுதியில் வெஸ்டர்ன் மெயிலுக்குக் கடிதம் எழுதினார். ‘எழுப்புதல் இரண்டு நடக்கிறது, ஒன்று மெய், மற்றது போலி, ராபர்ட்ஸ் நடத்துவது போலி’ என்பதே அதன் சாரம். தன் சபையிலும் நூற்றுக்கணக்கானோர் மனந்திரும்பியதைச் சொன்னவர் அவர், எழுப்புதலுக்கு விரோதியல்ல. ஆவியானவர் தன்னை நேரடியாக நடத்துவதாக ராபர்ட்ஸ் காட்டிக்கொண்டதுதான் அவருக்கு உறுத்தியது.

கேள்வி: சபை என்ன பதில் சொன்னது?

ராபர்ட்ஸ் கடிதச் சண்டையில் இறங்கவில்லை. ஆனால் ஆதரவாளர்கள் பிரைஸைத் திட்டி வாரக்கணக்கில் கடிதம் எழுதித் தள்ளினார்கள். ராபர்ட்ஸின் மனநிலை பற்றிய பேச்சும் கிளம்பியது. லிவர்பூலில் அவர் நடத்திய கூட்டங்களின்போது நான்கு மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்து, உடலும் மனமும் நலம், வேலைப்பளு அதிகம், ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தார்கள். அது மனநிலை பற்றிய கேள்விக்குப் பதில், சரி. பிரைஸ் கேட்டது உபதேசக் கேள்வி. அதை நிதானமாக எடுத்துப் பேச அப்போது பெரும்பாலோர் முன்வரவில்லை என்பதே என் வருத்தம்.

கேள்வி: ராபர்ட்ஸ் பிறகு என்ன ஆனார்?

1906ல் உடைந்துபோய், இங்கிலாந்தின் லெஸ்டரில் கிறிஸ்தவப் பேச்சாளரும் எழுத்தாளருமான ஜெஸ்ஸி பென்-லூயிஸ் அம்மையார் வீட்டில் தங்கினார். அவரோடு சேர்ந்து 1912ல் கொண்டுவந்த நூலில், எழுப்புதல் காலத்தில் விசுவாசிகள் போலி ஆவிகளிடம் ஏமாறுவது பற்றி எச்சரித்தார். எந்த நிருபரும் அவ்வளவு கடுமையாக எழுதவில்லை.