பனங்காடையும் காடையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பறவைக் கட்டுரையில் இரண்டு இடங்களில் தடுக்கி விழுந்தேன். முதல் வரியில் ‘பனங்காடை’ என்று சரியாக எழுதிவிட்டு, மூன்றாவது பத்தியில் ‘அந்தக் காடை கம்பியிலிருந்து பாய்ந்தது’ என்கிறீர்கள். காடை எப்போது கம்பியில் உட்கார்ந்தது? இன்னொன்று, ‘சின்னக் கொக்கு’, ‘சின்னக்கொக்கு’ என்று இரண்டு விதமாகவும் வருகிறது. பேசாமல் எல்லா இடத்திலும் அறிவியல் பெயரையே போட்டுவிட்டால் என்ன?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

காடை விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். ஒரே பெயர் பக்கத்துக்கு ஐந்து தடவை வந்தால் காதில் இடிக்குமே என்று தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டேன். பனை போனதும் பறவையே மாறிவிட்டது. பனங்காடை கம்பியிலும் மொட்டைக் கிளையிலும் காத்திருந்து, இறக்கையில் இரண்டு விதமான நீலம் மின்ன, பூச்சியின் மேல் பாய்வது. காடை புதரடியில் குடுகுடுவென்று ஓடுவது.

ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அங்கே பெரும்பாலும் ஆபத்தில்லை. தமிழ்ப் பெயர்களில் கடைசிச் சொல் பல சமயம் வெறும் சாயல்தான். நீர்க்காகம் காகமல்ல, பாம்புத்தாரா தாரா (வாத்து) அல்ல. ‘நீர்நாய் கரையேறியது’ என்று தொடங்கி ‘நாய் மீனைக் கடித்துத் தின்றது’ என்று தொடர்ந்தால் படிப்பவர் மனத்தில் எது ஓடும்? மரநாய்க்கும் இதே கதிதான். சிரிப்போடு போகாத இடமும் உண்டு. சீமைக்கருவேலத்தைக் கருவேலம் என்று சுருக்கி, ‘கருவேலத்தை வெட்டுங்கள்’ என்று எழுதுகிறார்கள். ‘சீமை’ விழுந்துபோனதில் கோடரி வேறொரு மரத்தைத் தேடிப் போகிறது.

வெண்மார்பு மீன்கொத்தியை இரண்டாம் தடவை மீன்கொத்தி என்றால் பாதகமில்லை, அது உண்மையிலேயே மீன்கொத்திதான். மற்றபடி ‘அது’ என்றோ ‘பறவை’ என்றோ எழுதினால் போதும். முழுப்பெயரே திரும்ப வந்தாலும் குடி முழுகிவிடாது.

கொக்கு மட்டும் தெரிந்தே செய்தது. ஆனால் சொல்லாமல் செய்தேன். சேர்த்து எழுதினால் இனத்தின் பெயர்: கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் காலுறை மாட்டியது போலப் பாதம். பிரித்து எழுதினால் அளவில் சின்னதாக நின்ற ஏதோ ஒரு கொக்கு, உண்ணிக்கொக்காகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் பறவை ஆர்வலர்கள் இனப்பெயரின் முதலெழுத்துகளைப் பெரிய எழுத்தாக (capital) எழுதி இதைக் காட்டிவிடுவார்கள் (அங்கேயும் பத்திரிகைக்காரர்கள் பலர் ஒத்துக்கொள்வதில்லை). நமக்குப் பெரிய எழுத்து கிடையாது, இடைவெளிதான் இருக்கிறது. மெய்ப்பு பார்ப்பவர் ஒரு தட்டு தட்டினால் அந்த ஏற்பாடும் போச்சு. ஆகவே இனப்பெயரைச் சேர்த்தே எழுதுவேன், வெறும் அளவைச் சொல்லும்போது ‘உருவில் சிறிய ஒரு கொக்கு’ என்று சுற்றி வளைத்துவிடுவேன்.

சரி, அறிவியல் பெயர். முதல் தடவை வரும் இடத்தில் ஒரு முறை, அதுவும் குழப்பம் வரும் என்றால். செண்பகம் என்று ஒரு பூமரம் இருக்கிறது, செம்போத்துப் பறவைக்கும் அதே பெயர் இருக்கிறது. அங்கே அது வேண்டும். வரிக்கு வரி போட்டால் கட்டுரை மருந்துச் சீட்டாகிவிடும். தவிர, அது நீங்கள் நினைக்கிற அளவுக்கு நிலையானதும் அல்ல. செடிகளுக்கு 1753லும் விலங்குகளுக்கு 1758லும் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் நிலைநாட்டிய இருசொற் பெயர்முறை அப்படியே இருக்கிறது, பெயர்கள்தான் இடம் மாறுகின்றன. கருவேலம் நெடுங்காலம் அகேசியா நிலோட்டிகாவாக இருந்தது. அகேசியா என்ற பேரினப் பெயர் (இரு சொற்களில் முதலாவது) பெரும்பாலும் ஆஸ்திரேலிய இனங்களுக்கே போகட்டும் என்று 2005இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில் முடிவானது. இப்போது கருவேலம் வாச்செலியா நிலோட்டிகா. பழைய கட்டுரைகளில் அறிவியல் பெயரை மட்டும் எழுதியிருந்தால் இன்று நானே அகராதி தேட வேண்டியிருக்கும்.

அப்புறம், அந்த மூன்றாவது பத்தியைத் திருத்திவிட்டேன். இப்போது கம்பியிலிருந்து பாய்வது பனங்காடைதான்.