சபையும் அதிகார சபையும்

கேள்வி: கலிபோர்னியாவில், வீடு கட்ட முட்டுக்கட்டை போடும் நகர சபைகளின் அதிகாரத்தை மாநில அரசு சட்டமியற்றிக் குறைத்துவிட்டதாக அங்கு வசிக்கும் என் மைத்துனர் சொன்னார். நமது உள்ளூர்ச் சபைகளின் அதிகாரத்தையும் அவ்வாறே குறைத்தால் என்ன? (வாசகர், உப்புவெளி)

பதில்: குறைக்கலாம்தான், ஆனால் அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பெயர்ப்பலகைகளையாவது படித்துப் பாருங்கள். நம்முடையது வெறும் சபை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் கொழும்பில் பிறந்ததோ நகர அபிவிருத்தி அதிகார சபை. அபிவிருத்தியையும் அதிகாரத்தையும் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சபையை நமக்கு விட்டுவைத்த பெருந்தன்மையை என்னவென்பது! ஓரிடத்தை அபிவிருத்திப் பிரதேசம் என்று அமைச்சர் வர்த்தமானியில் பிரகடனம் செய்துவிட்டால், அங்கே நமது சபை 'பிளான் பாஸ்' பண்ணுவதும் அந்த அதிகார சபை கையளித்த அதிகாரங்களைக் கொண்டுதான். காணி கடலிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் வாசலிலும் நிற்க வேண்டும். திருகோணமலையில் எந்தத் திசையில் 300 மீட்டர் நடந்தாலும் கால் நனைந்துவிடுமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

அங்குள்ள மாநில அரசுக்கு ஈடாக இங்கு நாம் காட்டக்கூடியது மாகாண சபை. அதன் அலுவலகங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. உறுப்பினர்களின் பதவிக்காலம்தான் 2017 செப்டெம்பரில் முடிந்துபோனது. 2023 மார்ச்சிலிருந்து 2025 தேர்தல் வரை உள்ளூராட்சி மன்றங்களிலும் உறுப்பினர் எவரும் இல்லாமல் அதிகாரிகளே நிருவகித்தார்கள். உங்கள் யோசனைப்படி அது வீடு கட்டுவோரின் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் உங்கள் தெருவில் எத்தனை வீடுகள் எழுந்தன என்று எண்ணிச் சொல்லுங்கள்.

மைத்துனர் சொன்னது உண்மையே. அங்கு அது நியாயமும்கூட. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, தனி வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட காணியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வீடுகள் கட்ட வழிவிட்டது. துண்டு 1,200 சதுர அடி இருந்தால் போதும். நம் கணக்கில் நாலரைப் பேர்ச்சுகூட வராது. செல்வந்தர்கள் வாழும் வூட்சைட் என்ற சிற்றூர், அயலில் புதுக் குடிகள் வருவதைத் தடுக்க, தன் எல்லை முழுவதும் மலைச்சிங்கங்கள் எனும் பூமாக்களின் வாழிடம், ஆகவே இச்சட்டம் தனக்குப் பொருந்தாது என்று அறிவித்தது. மாநிலச் சட்டமா அதிபர் ஒரு கடிதம் எழுதினார். சிங்கங்கள் சில நாட்களில் வாபஸ் பெறப்பட்டன. கையில் அதிகாரம் இருந்ததால் அந்த ஊர் அதை இப்படித் துர்ப்பிரயோகம் செய்தது. அதைப் பறிப்பதிலும் ஒரு பொருள் இருந்தது.

நமது சபைக்கு அத்தகைய பொய்கூடத் தேவையில்லை. பிரெட்றிக் கோட்டை மான்கள் பட்டப்பகலில் நகரத் தெருக்களில் உலாவுகின்றன. ஊர் முழுவதும் மான்களின் வாழிடம் என்று அது மனச்சாட்சி உறுத்தாமல் அறிவிக்கலாம். ஆனால் அந்த மான்களும் சபைக்கு உரியவை அல்ல. அவை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு.