மலேசியாவில் பதிவான பைக்கைக் கப்பலில் கொண்டுவந்து கேரளம் வரை ஓட்ட என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

உங்கள் மைத்துனர் பினாங்கிலிருந்து தமது பைக்கைச் சென்னைக்குக் கப்பலில் அனுப்பி, அங்கிருந்து பாலக்காட்டுக்கு ஓட்டிவர நினைக்கிறார் என்றும், தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாரில் அதற்குத் தனியாகச் சுங்க வரி கட்ட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாளையாரில் சுங்க வரி என்று எதுவும் கிடையாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, அங்கே லாரிகளை நாள்கணக்கில் காக்க வைத்திருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியும் இல்லாமல் போயிற்று. உங்கள் கவலை முழுவதும் சென்னைத் துறைமுகத்தின் மேல் இருக்கட்டும்.

நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா மகன் இதே போல் பைக்கோடு வந்தபோது, காகித வேலைகளில் உடன் அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். (மலேசியாவில் பைக்கை மோட்டார் என்பார்கள்; "மோட்டார் கொண்டுவருகிறேன்" என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னதும், எங்கள் கிணற்றுக்குப் பம்புசெட் வருகிறது என்று அப்பா மகிழ்ந்துபோனார்.)

முதன்மையான ஆவணம் கார்னே. வாகனத்தைத் திரும்பக் கொண்டுபோய்விடுவேன் என்பதற்குப் பிணையாக நிற்கும் சுங்கப் புத்தகம் அது. மலேசியாவில் அந்நாட்டு ஆட்டோமொபைல் சங்கமும், இங்கிருந்து வெளிநாடு செல்வோருக்கு மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கமும் வழங்குகின்றன. வாகனத்தின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்து, வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கேட்பார்கள். புத்தகம் ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் புத்தகம் ஓராண்டுக்கு இருக்கிறது என்பதால் பைக்கும் ஓராண்டு இங்கே நிற்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. 1976ஆம் ஆண்டின் சுங்க அறிவிக்கை ஒன்றின்படி, சுற்றுலாப் பயணி கார்னேயின் பேரில் கொண்டுவரும் வாகனத்துக்கு ஆறு மாதம் வரைதான் வரிவிலக்கு. அதற்குமேல் இருக்க வேண்டுமானால் தவணை முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டுகளாக இருக்கும். நாட்டுக்குள் நுழையும்போது கீழ்த்துண்டையும் வெளியேறும்போது நடுத்துண்டையும் சுங்கத்தார் கிழித்துக்கொண்டு, இரண்டு முறையும் மேல்துண்டில் முத்திரை இடுவார்கள். அந்த மேல்துண்டு ஒன்றுதான் உங்கள் மைத்துனர் கையில் மிஞ்சும் சான்று. நுழைவு முத்திரையை யாரும் தவறவிடுவதில்லை, ஏனென்றால் அது இல்லாமல் வண்டி வெளியே வராது. வெளியேறும் முத்திரையைத்தான் தவறவிடுகிறார்கள். அண்ணன் சுனௌலி வழியாக நேபாளம் போனார். இந்தியரும் நேபாளியரும் சந்தைக்குப் போவது போல நடந்து கடக்கும் எல்லை அது. கடவுச்சீட்டில் முத்திரை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, சாலையோரத்துச் சுங்க அலுவலகத்தைக் கவனிக்காமலே தாண்டிவிட்டார். நேபாளச் சுங்க அதிகாரி புத்தகத்தைப் புரட்டி, இந்தியத் தாளின் நடுத்துண்டு அப்படியே இருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பியதால் தப்பினார். இல்லையென்றால் நம் கணக்கில் அந்த பைக் இந்தியாவிலேயே நிற்பதாகத்தான் இருக்கும். வரி கேட்டுச் சங்கத்துக்குக் கடிதம் போகும். ஊர் திரும்பி, வண்டி மலேசியாவில்தான் இருக்கிறது என்று அங்குள்ள அதிகாரிகளிடம் இருப்பிடச் சான்று வாங்கி அனுப்பி வாதாட வேண்டியிருக்கும்.

சென்னையில் எங்களுக்கு நேர்ந்த தாமதம் ஓர் எழுத்தால் வந்தது. மலேசியாவில் சரக்கை ஏற்றிவிட்ட முகவர், கப்பல் சரக்குச் சீட்டில் சேசிஸ் எண்ணின் பூஜ்யத்தை ஆங்கில ஓ என்று அடித்திருந்தார். பதினேழு இலக்கச் சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் இடம்பெறுவதே இல்லை. எண்களோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காகவே விலக்கியிருக்கிறார்கள். அது தெரிந்தவர் அடித்திருந்தால், ராஜாஜி சாலைச் சுங்க மாளிகைக்கு நாங்கள் மூன்று நாள் நடந்திருக்க மாட்டோம், கண்டெய்னர் கிடங்குக்கு நாள்வாடகையும் கட்டியிருக்க மாட்டோம். ஆகவே கப்பல் புறப்படும் முன்பே கார்னே, பதிவுச் சான்று, சரக்குச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாலையில் ஓட்டுவதற்கு வேறு தாள்கள் உண்டு. தனிப்பட்ட வெளிநாட்டு வாகனங்களுக்காக 2022இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் அல்லது பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை வண்டியோடு இருக்க வேண்டும். மலாய் மொழியில் உள்ள தாளுக்கு, அதை வழங்கிய அலுவலகமே உறுதிசெய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். மலேசியக் காப்பீட்டை நம்பிவர வேண்டாம்; மூன்றாம் நபர் காப்பீட்டை இங்கேயே எடுத்துக்கொள்ளட்டும்.

நாங்கள் வேலந்தாவளம் வழியாக வந்தபோது காவலர் ஒருவர் பதிவெண்ணைப் பார்த்து வியந்து நிறுத்தினார். கார்னேயின் நகலைக் காட்டியதும் விட்டுவிட்டார். மூலப் புத்தகத்தை வழியில் எவரிடமும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, ஊருக்கு வந்ததும் தம்பிமார் சாவி கேட்பார்கள். இந்தச் சலுகை வந்துபோகும் பயணிக்கானது. இங்கே குடியிருப்பவர் அந்த பைக்கை ஓட்டக் கூடாது. எனக்கும் ஆசை இருந்தது. பின்னால் உட்கார்ந்து பக்கத்திலுள்ள சித்தூர் வரை போய்வந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும் கப்பலில் இடம் கிடைப்பதும் பெட்டி அடைப்பதும் நாளை இழுக்கும் என்பதால், ஆறாம் மாதம் வரை காத்திராமல் ஐந்தாம் மாதத் தொடக்கத்திலேயே முகவரிடம் பேசிவிடச் சொல்லுங்கள். அண்ணன் விமானச் சீட்டைக்கூட மேல்துண்டில் வெளியேறும் முத்திரை விழுந்த பிறகுதான் எடுத்தார்.