வயலை விற்று வாங்கும் பட்டம் வேண்டாம்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகனோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். உயர்தரம் உயிரியல் பிரிவில் பிள்ளை இரண்டு முறை எழுதிவிட்டான். மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. மூன்றாம் முறையும் எழுதுவதா, கொழும்பில் காசு கட்டிப் பட்டம் படிப்பதா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். சுவிஸிலிருக்கும் மாமா பாதிச் செலவைத் தருவாராம். மீதிக்கு அம்மாவின் நகையும் வெல்லாவெளியில் இருக்கிற வயலும்.

"யோசிக்காதீங்க அம்மா" என்றுதான் தொடங்கினேன். வயலை விற்கிற கதை வந்ததும் அப்படிச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அவர்களுக்குச் சொன்னதை இதே நிலையிலுள்ள மற்ற வீடுகளுக்கும் எழுதுகிறேன்.

இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்கவே முடியாத ஒன்றை, கிடைக்காவிட்டால் குடும்பத்துக்கே வெட்கம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தவர்கள் நிலையும் நமக்குத் தெரியும். 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை இந்த ஊர் பார்த்தது.

ஒரு பாடத்தின் மேல் உண்மையான ஆசையுள்ள பிள்ளை கட்டாயம் கெம்பஸ் போகட்டும். அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குக் கற்கைக் கட்டணமே இல்லை, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ கிடைத்தால் சந்தோசமாக அனுப்புங்கள். மற்றப் பிள்ளைகளை அதற்காக வருடக்கணக்கில் காக்க வைக்க வேண்டாம். கடன் பட்டோ காணி விற்றோ ஒரு பட்டம் வாங்குவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

இனிப் பிள்ளையின் விசயம். உயிரியலைப் பற்றிக் கேட்டேன், தகப்பன் முகத்தைப் பார்த்தான். பின்னேரங்களில் என்ன செய்வாய் தம்பி என்று கேட்டதும் வாய் திறந்தது. பெரியப்பாவின் மீன் கடையில் ஐஸ் பெட்டி பழுதாகியிருக்கிறது. கொம்பிரசர் ஒரு முறை உறுமிவிட்டு நின்றுவிடுகிறதாம். கொம்பிரசரை ஓடத் தொடங்கவைக்கும் ரிலேயைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம். புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறான், பெட்டி ஓடுகிறது. அதைச் சொல்லும்போது இருந்த முகம் வேறு முகம். அம்மா அதைக் கவனித்தார், மாமா சுவிஸில் இருந்து கவனிக்க முடியாது.

அதனால் நான் சொன்னது குளிர்சாதன, ஏசி திருத்துநர் பயிற்சி. பாசிக்குடாவிலும் அறுகம் குடாவிலும் ஹோட்டல் அறைகள், வாழைச்சேனையிலும் கல்முனையிலும் மீனுக்கு ஐஸ், ஊரெல்லாம் மருந்தகம், வங்கி, சூப்பர் மார்க்கெட். கடற்கரை ஊரில் இன்னொன்றும் உண்டு: உப்புக்காற்று வெளியே இருக்கிற யூனிட்டை அரித்துக்கொண்டே இருக்கும், சேர்விஸ் வேலை ஓயாது.

இதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நல்ல திருத்துநர் வேலை செய்வதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். செப்புக் குழாயின் வாயை அளவாக விரித்து நட்டைப் பூட்டுவார். வெக்கியூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பார். ஈரம் மிஞ்சினால் உள்ளே அமிலம் உண்டாகி கொம்பிரசர் கெட்டுப்போகும். அப்புறம்தான் குளிரூட்டும் வாயு. ஓசோன் படையைக் கெடுக்கும் பழைய ஆர் 22, மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகெங்கும் கைவிடப்படுகிறது. இப்போது பரவலாக வருகிற ஆர் 32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது. இன்வேர்ட்டர் ஏசிக்கு மின்சுற்றும் தெரிய வேண்டும். பௌதிகமும் இரசாயனமும் படித்த பிள்ளைக்கு இதெல்லாம் சீக்கிரம் பிடிபடும், உயர்தரம் படித்த காலம் வீணாகாது.

தொழிற்பயிற்சி அதிகார சபையையும் தொழில்நுட்பக் கல்லூரியையும் விசாரியுங்கள். கடையொன்றில் வேலை செய்தபடியே பழக விரும்பினால் நைட்டாவை, அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையைக் கேளுங்கள். இலக்கு என்விகியூ, அதாவது தேசிய தொழிற்தகைமை, மட்டம் 4 சான்றிதழ். தனியார் நிலையம் என்றால், அது மூன்றாம் நிலைக் கல்வி மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு என்விகியூ அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். வடிவான அட்டையில் பெயர் அச்சடித்துத் தருகிற எல்லாம் என்விகியூ அல்ல. ஏற்கெனவே கடையில் நின்று தொழில் பழகியவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டில் வேலையைச் செய்து காட்டியும் அதே சான்றிதழைப் பெறலாம்.

தகப்பன் கேட்டார், "அப்ப பட்டம் இல்லையா?" இருக்கிறது. மட்டம் 5, 6 டிப்ளோமா, மட்டம் 7 பட்டம். இரத்மலானையில் யுனிவோடெக் (UNIVOTEC) என்ற தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இந்தப் பாதையில் வருபவர்களுக்கென்றே இருக்கிறது. ஆனால் அது அவன் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, அவனே விரும்பினால்.

மாமாவுக்கு நீங்கள் கோல் எடுக்க வேண்டாம் அம்மா, தம்பியே பேசட்டும். உதவ மனமிருந்தால், மட்டம் 4 முடித்ததும் ஒரு வெக்கியூம் பம்பும் வாயு அழுத்தம் பார்க்கிற கேஜ் செட்டும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.