மழையே இல்லாத மாதத்தில் டெங்கு எப்படி வருகிறது?

கேள்வி: மழைக்காலம் முடிந்தால் டெங்கு பயமும் போய்விடும் என்றிருந்தோம். இப்போது வெயில் காலத்திலும் வருகிறதே, பருவநிலை மாற்றம்தான் காரணமா? வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: அதுவும் ஒரு காரணம். வெயில் கூடினால் கொசு சீக்கிரம் வளரும் என்பது தெரிந்த கதை. அதைவிட முக்கியம், கொசுவின் வயிற்றுக்குள் நடப்பது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நோயாளியைக் கடித்த கையோடு அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. குடலுக்குள் போன வைரஸ் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் இதற்குச் சராசரியாக 15 நாள் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரமே போதும். கொசுவின் ஆயுளோ இரண்டு மூன்று வாரம். வைரஸ் தயாராகும் முன்பே செத்துப்போயிருக்க வேண்டிய கொசுக்கள் இப்போது கடித்துப் பரப்புகின்றன. குளிரே காவலாக இருந்த நேபாளத்தில்கூட 2004இல் முதல் டெங்கு பதிவானது. பின்னர் காத்மாண்டு வரை ஏறிவிட்டது.

அதற்காக, வெயில் ஏற ஏற நோயும் ஏறும் என்று கணக்குப் போட வேண்டாம். டெங்கு பரவ 29 டிகிரியை ஒட்டிய வெப்பம்தான் தோது, மலேரியாவுக்கு 25. ரொம்பவும் கொதித்தால் கொசுவே தாங்காது.

சரி, மழையில்லாமல் கொசு எங்கே வளர்கிறது? நாம் பிடித்துவைக்கும் தண்ணீரில். தட்டுப்பாடு வந்தால் டிரம், குடம், தொட்டி எல்லாம் நிரம்பும். ஏடிஸுக்கு அதுபோதும். தண்ணீரைக் கொட்டினாலும் ஆபத்து போகாது: முட்டைகள் நீர்மட்டத்தின் ஓரத்தில், பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் வாரம் ஒருமுறை உட்புறத்தை பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, இறுக மூடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால்தான் இந்த வாரக் கணக்கு. ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டையும் பாருங்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது. புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், முட்டையை அல்ல.

இது பகலில் கடிக்கும் கொசு. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள். காய்ச்சல் வந்தால் எந்த மாதமாக இருந்தாலும் டெங்குவைச் சந்தேகியுங்கள். பாராசிட்டமால் சரி, ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் கூடுதல் கவனம் தேவை: கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.